விமானி இல்லாத சண்டை விமானம்: சுடச் சொல்வது யார்?

இந்த மாத அறிவியல் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, வானத்தில் நடக்கும் போரும் செயற்கை நுண்ணறிவும். ஏ.ஐ. என்றாலே இப்போ எல்லாரும் செல்போனில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும், படம் போட்டுத் தரும் என்றுதான் சொல்றாங்க. அதே ஏ.ஐ. ஒரு நிஜமான போர் விமானத்தை ஓட்டி, மனித விமானியோடு சண்டைப் பயிற்சியும் செய்திருக்கிறது. அது எப்படி முடிந்தது, அதில் நாம் கவலைப்பட வேண்டியது என்ன என்பதை எனக்குப் புரிந்தவரை எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரை. மணி அடிப்பதற்குள் முடியவில்லை என்றால் சாப்பாட்டு இடைவேளையில் வந்து மீதியைப் படியுங்கள்!

வானத்தில் ஒரு நாய்ச்சண்டை

இரண்டு போர் விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து சண்டை போடுவதை ஆங்கிலத்தில் 'டாக் ஃபைட்' என்கிறார்கள். நாய்ச்சண்டை என்று அர்த்தம். சிரிக்காதீங்க, பொருத்தமான பேர்தான். தெருவில் ரெண்டு நாய் சண்டை போடும்போது பாருங்கள், ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி வந்து மற்றதன் பின்பக்கம் போகத்தான் பார்க்கும். விமானமும் அப்படித்தான். அதன் துப்பாக்கி முன்பக்கம் பார்த்துப் பொருத்தப்பட்டது. அதனால் எதிரியின் வாலுக்குப் பின்னால் போய்விட்டவர் சுடலாம். முன்னால் மாட்டிக்கொண்டவர் திருப்பிச் சுட முடியாது. யார் சீக்கிரம் வளைந்து பின்னால் போகிறாரோ அவருக்கே வெற்றி.

முதலில் உள்ளே வந்த இயந்திரம்

சுடுவதில் இயந்திரம் பங்கெடுப்பது இன்று நேற்று வந்தது இல்லை. முதல் உலகப் போர் சமயத்தில் விமானத்தின் மூக்கில் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும். நேராகச் சுட்டால் தன் காற்றாடியையே தான் உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1915 இல் ஃபோக்கர் என்பவரின் நிறுவனம் ஜெர்மனிக்குச் செய்துகொடுத்த விமானத்தில் இதற்கு ஒரு வழி வந்தது. காற்றாடியோடு துப்பாக்கியை இணைத்து, இறக்கை குறுக்கே இல்லாத நேரத்தில் மட்டும் குண்டு போகும்படி செய்தார்கள். விமானி விசையை அழுத்துவார். ஆனால் எந்த நொடியில் குண்டு போகணும் என்பதை அந்தக் கருவி பார்த்துக்கொள்ளும்.

1958 இல் அடுத்த மாற்றம். தைவான் விமானங்கள் சீன விமானங்கள் மீது 'சைடுவைண்டர்' என்ற ஏவுகணையை ஏவின. அது எதிரி விமான எஞ்சினின் வெப்பத்தைத் தேடிக்கொண்டே தானாகத் திரும்பிப் போகும். மனிதன் ஏவினால் போதும், துரத்துகிற வேலை இயந்திரத்துடையது. இப்படி ஒவ்வொரு வேலையாக மனிதன் கையிலிருந்து இயந்திரத்தின் கைக்குப் போய்க்கொண்டே வந்திருக்கிறது. கடைசியாக மிச்சம் இருப்பது 'சுடலாமா, வேண்டாமா' என்ற முடிவு மட்டும்தான்.

மனித உடம்புக்கு ஓர் எல்லை

டவுன் பஸ் வளைவில் வேகமாகத் திரும்பினால் நாம் ஒரு பக்கமாக அழுத்தப்படுகிறோம் அல்லவா? போர் விமானம் திரும்பும்போது அந்த அழுத்தம் பல மடங்கு இருக்கும். இதை 'ஜி' என்ற அளவில் சொல்வார்கள். சும்மா தரையில் நிற்கும்போது நம் மேல் 1 ஜி. எப்-16 என்ற அமெரிக்க விமானம் 9 ஜி வரை தாங்கித் திரும்பக்கூடியது. அதாவது 40 கிலோ எடையுள்ள என்னைப் போன்ற ஒரு பெண் அதில் உட்கார்ந்தால் 360 கிலோ எடை இருப்பதுபோல உடம்பு அழுந்தும். 25 கிலோ அரிசிச் சிப்பம் 14-ஐத் தலையில் வைத்தமாதிரி!

அப்போது ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கிவிடும். கண் முதலில் மங்கும், அப்புறம் இருட்டும், அப்புறம் மயக்கமே வந்துவிடும். இதைத் தடுக்க விமானிகள் ஒரு தனி உடை போடுகிறார்கள். அழுத்தம் கூடும்போது அந்த உடை காற்றால் உப்பி, காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடித்து, ரத்தம் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளும். இருந்தாலும் மனிதனால் 9 ஜி அளவைக் கொஞ்ச நேரம்தான் தாங்க முடியும். கம்ப்யூட்டருக்கு ரத்தமும் இல்லை, மயக்கமும் இல்லை. விமானி இல்லாத விமானத்தை இன்னும் சிறியதாக, இன்னும் வேகமாக வளையக்கூடியதாகச் செய்யலாம் என்று விஞ்ஞானிகள் நினைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

━━━━━━━━━━
உங்களுக்குத் தெரியுமா?
2014 முதல் எப்-16 விமானங்களில் ஒரு தானியங்கிப் பாதுகாப்புக் கருவி சேர்க்கப்பட்டது. விமானி மயங்கி, விமானம் தரையை நோக்கிப் பாய்ந்தால், அந்தக் கருவி தானே விமானத்தை நிமிர்த்தி மேலே தூக்கிவிடும். பத்துக்கும் மேற்பட்ட விமானிகளின் உயிரை இது காப்பாற்றியிருக்கிறது. ஆகவே இயந்திரம் என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம்.
━━━━━━━━━━

ஐந்துக்குப் பூஜ்யம்

அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, 2020 ஆகஸ்டில் ஒரு போட்டி வைத்தது. எட்டு குழுக்கள் ஆளுக்கொரு ஏ.ஐ. விமானியை உருவாக்கிக் கொண்டுவந்தன. எல்லாம் கம்ப்யூட்டருக்குள் நடக்கும் விமானச் சண்டை. மற்ற ஏழையும் தாண்டி ஜெயித்தது ஹெரான் சிஸ்டம்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் ஏ.ஐ. அதோடு மோத அமெரிக்க விமானப்படை விமானி ஒருவர் வந்தார். புது ஆள் இல்லை, எப்-16 இல் 2000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். முடிவு என்ன தெரியுமா? 5–0. ஐந்து சுற்றிலும் ஏ.ஐ. தான் ஜெயித்தது.

ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் போட்டியில் ஏவுகணை கிடையாது, துப்பாக்கி மட்டும்தான். எதிரி எங்கே இருக்கிறார், எவ்வளவு வேகத்தில் போகிறார் என்ற விவரம் முழுவதும் ஏ.ஐ.க்குக் கம்ப்யூட்டரே கொடுத்துவிட்டது. நிஜ வானத்தில் மேகம் மறைக்கும், ராடாரை எதிரி ஏமாற்றுவார். வினாத்தாளை முன்னாடியே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவதற்கும் பார்க்காமல் எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா!

இயந்திரம் எப்படிக் கற்றுக்கொண்டது?

இதற்கு யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை. சைக்கிள் கற்றுக்கொள்ளும்போது விழுந்து விழுந்துதானே கற்றுக்கொள்கிறோம்? அந்த மாதிரிதான். ஏ.ஐ.யைக் கம்ப்யூட்டர் வானத்தில் விட்டுவிடுவார்கள். எதிரியின் பின்னால் போனால் மார்க் கூடும். எதிரி தன் பின்னால் வந்துவிட்டால் மார்க் குறையும். தரையில் மோதினால் பெரிய அபராதம். முதலில் அதற்கு ஒன்றுமே தெரியாது, கண்டபடி பறந்து விழும். கோடிக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விளையாடும்போது எந்த அசைவுக்கு மார்க் வருகிறது என்று அதற்குப் பிடிபட்டுவிடும். மனித விமானிக்கு இப்படி கோடிமுறை பழக ஆயுசு போதாது. கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான விளையாட்டை ஆடிக்கொள்ளும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் போட்டியில் ஏ.ஐ. அடிக்கடி நேருக்கு நேராகப் பாய்ந்து வந்து சுட்டது. நிஜப் பயிற்சியில் விமானிகள் அப்படிச் செய்ய விதிகள் அனுமதிப்பதில்லை. இரண்டு பேரும் மோதிச் சாக வாய்ப்பு அதிகம். ஏ.ஐ.க்கு அந்தப் பயம் இல்லை. வீட்டில் அம்மா காத்திருப்பாங்க என்ற நினைப்பும் இல்லை. மார்க் கிடைக்கும் வழி எதுவோ அதைச் செய்தது, அவ்வளவுதான். நாம் எதற்கு மார்க் வைக்கிறோமோ அதைத்தான் இயந்திரம் கற்றுக்கொள்ளும். நாம் மார்க் வைக்க மறந்ததை அது கற்றுக்கொள்ளாது.

கம்ப்யூட்டரிலிருந்து நிஜ வானத்துக்கு

அடுத்து நிஜ விமானம். எப்-16 ஒன்றை மாற்றி அமைத்து எக்ஸ்-62ஏ என்று பேர் வைத்தார்கள். 2022 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் உள்ள எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் ஏ.ஐ. அதை ஓட்டியது. அதற்குப் பிறகு 2023 செப்டம்பர் வரை 21 முறை சோதனைப் பறத்தல் நடந்தது. அந்தக் காலத்துக்குள் கம்ப்யூட்டர் நிரலில் ஒரு லட்சம் வரிகளுக்கு மேல் மாற்றினார்கள் என்றால் எவ்வளவு உழைப்பு பாருங்கள்.

2023 செப்டம்பரில் ஏ.ஐ. ஓட்டிய எக்ஸ்-62ஏவும், மனிதர் ஓட்டிய எப்-16உம் வானத்தில் நேருக்கு நேர் சண்டைப் பயிற்சி செய்தன. இரண்டும் சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 1900 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கி, சுமார் 600 மீட்டர் தூரம் வரை வந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் 600 மீட்டரைக் கடக்க ஒரு நொடிக்குச் சற்று அதிகம் ஆகும். அவ்வளவுதான் இடைவெளி! இந்த முறை பாதுகாப்பு விதிகளையும் சேர்த்துக் கற்பித்திருந்ததால் ஏ.ஐ. விதியை மீறவில்லை. ஆபத்து வந்தால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ள விமானிகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். சண்டையின்போது அவர்கள் தலையிட வேண்டி வரவில்லை. யார் ஜெயித்தார்கள் என்பதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

2024 மே 2 ஆம் தேதி அமெரிக்க விமானப்படைத் துறையின் செயலாளராக இருந்த ஃபிராங்க் கெண்டல், 75 வயதில், அந்த விமானத்தின் முன் இருக்கையில் ஏறி ஒரு மணி நேரம் போலப் பறந்தார். போரில் ஆயுதத்தை ஏவலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் பொறுப்பையும் இந்த ஏ.ஐ.யை நம்பிக் கொடுக்கலாம் என்று, இறங்கிய பிறகு அவர் கூறியதாகச் செய்தி வந்தது. விமானம் ஓட்டுவது வரை சரி. இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

தோழன் விமானங்கள்

வருங்காலத்தில் எல்லா விமானமும் ஆளில்லாமல் போய்விடும் என்று இல்லை. இப்போது பல நாடுகள் யோசிப்பது வேறு மாதிரி. நடுவில் ஒரு மனித விமானி. அவரைச் சுற்றி இரண்டு மூன்று ஆளில்லா விமானங்கள். கபடியில் அணித் தலைவர் கண் காட்டினால் மற்றவர்கள் சங்கிலி போடுவதுபோல, இவையும் தலைவர் சொன்னதைச் செய்யும். ஆபத்தான இடத்துக்கு முன்னால் போகும், வேவு பார்க்கும், குண்டு சுமக்கும். விழுந்தாலும் உயிர்ச்சேதம் இல்லை, செலவும் குறைவு.

ஆஸ்திரேலியாவில் போயிங் நிறுவனம் செய்த 'கோஸ்ட் பேட்' 2021 பிப்ரவரியில் முதலில் பறந்தது. கோஸ்ட் பேட் என்றால் பேய் வௌவால், அந்த நாட்டில் வாழும் ஒரு வௌவால் இனத்தின் பெயர் அது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட இரண்டு மாதிரி விமானங்கள் 2025 இல் பறந்தன. நம் நாட்டில் பெங்களூரில் உள்ள எச்.ஏ.எல். நிறுவனம், தேஜஸ் விமானத்தோடு சேர்ந்து பறப்பதற்காக 'கேட்ஸ் வாரியர்' என்ற ஆளில்லா விமானத்தைத் திட்டமிட்டு, அதன் மாதிரியை 2021 விமானக் கண்காட்சியில் வைத்தது.

மனிதன் விலகிப்போகும் இரண்டு வழிகள்

'கடைசி முடிவு மனிதன் கையில்தான் இருக்கும்' என்று பல நாடுகள் சொல்கின்றன. ஆனால் இரண்டு விஷயங்கள் மனிதனை மெதுவாக வெளியே தள்ளுகின்றன.

ஒன்று, ரேடியோ அலை. தூரத்திலிருந்து மனிதன் உத்தரவு கொடுக்க அலை வேண்டும். எதிரி அதே அலைவரிசையில் இரைச்சலை நிரப்பினால் உத்தரவு போய்ச் சேராது. 2022 இல் பெரிதாக வெடித்த உக்ரைன் போரில் இது தினமும் நடந்த கதை. அதனால், தொடர்பு அறுந்தாலும் கடைசித் தூரத்தைக் கேமராவில் இலக்கை அடையாளம் பார்த்துத் தானே பறந்து முடிக்கும் ட்ரோன்களைச் செய்யத் தொடங்கினார்கள். உத்தரவு வராவிட்டால் திரும்பி வா என்பதற்குப் பதிலாக, நீயே முடித்துக்கொள் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

இரண்டாவது, வேகம். எதிரியின் இயந்திரம் நொடிக்குள் முடிவெடுத்தால், நம் பக்கம் மனிதன் யோசித்துக்கொண்டு உட்கார முடியாது. அவங்க வேகம் கூட்டினால் நாமும் கூட்டணும் என்று இரண்டு பக்கமும் கூட்டிக்கொண்டே போவார்கள்.

தப்பு நடந்த இரண்டு நாட்கள்

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2003 மார்ச் 23, ஈராக் போர். பிரிட்டனின் டொர்னாடோ விமானம் வேலையை முடித்துக் குவைத்தில் உள்ள தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கீழே தரையில் அமெரிக்காவின் 'பேட்ரியாட்' என்ற தானியங்கி ஏவுகணை அமைப்பு காவல் காத்தது. வருவது விமானம் இல்லை, நம் ராடாரைத் தாக்க வரும் ஏவுகணை என்று அந்தக் கம்ப்யூட்டர் தப்பாக அடையாளம் காட்டியது. 'நான் உங்க ஆள்தான்' என்று சொல்ல வேண்டிய கருவியும் டொர்னாடோவில் வேலை செய்யவில்லை. இருந்தவர்களுக்கு யோசிக்க நேரம் மிகக் குறைவு. திரையை நம்பினார்கள், ஏவினார்கள். விமானத்தில் இருந்த இரண்டு பேரும் இறந்துபோனார்கள், சொந்தக் கூட்டாளியின் கையால். பத்து நாள் கழித்து, ஏப்ரல் 2 ஆம் தேதி, அதே வகை அமைப்பு அமெரிக்காவின் சொந்த விமானம் ஒன்றையே வீழ்த்தியது. அதன் விமானியும் இறந்தார்.

அப்படியானால் மனிதனிடமே விட்டுவிட்டால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. 1988 ஜூலை 3. பாரசீக வளைகுடாவில் 'வின்சென்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், துபாய்க்குப் போய்க்கொண்டிருந்த ஈரான் பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். அதில் 66 பேர் குழந்தைகள். பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது என்னவென்றால், விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று கப்பலின் கம்ப்யூட்டர் சரியாகத்தான் பதிவு செய்திருந்தது. பதற்றத்தில் இருந்த மனிதர்கள்தான் அது தங்களை நோக்கி இறங்குகிறது என்று சொன்னார்கள்.

ஒரு முறை இயந்திரம் தப்பு செய்தது, மனிதன் நம்பினான். இன்னொரு முறை இயந்திரம் சரி, மனிதன் தப்பு. ஆனால் இரண்டிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. நிதானமாக மறுபடி ஒரு தடவை பார்க்க நேரம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஒரு விதி இருக்கிறது. ஆயுதத்தைப் பயன்படுத்துவதில் 'தகுந்த அளவு' மனிதத் தீர்மானம் இருக்க வேண்டும் என்று 2012 இல் எழுதி, 2023 இல் புதுப்பித்தார்கள். தகுந்த அளவு என்றால் எவ்வளவு? கணக்குப் பாடத்தில் விடையாக 'தகுந்த அளவு' என்று எழுதினால் சார் மார்க் போடுவாரா!

ஐ.நா. பொதுச்சபையில் 2023 டிசம்பரில் இந்த ஆயுதங்களைப் பற்றி ஒரு தீர்மானம் வந்தது. 152 நாடுகள் ஆதரித்தன, 4 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்தவற்றில் நம் இந்தியாவும் ஒன்று. இதைப் பேச ஜெனீவாவில் ஏற்கெனவே வேறு மன்றம் இருக்கிறது, அங்கேதான் பேச வேண்டும் என்பது நம் நாட்டின் வாதம். மனிதக் கட்டுப்பாடு இல்லாமல் உயிரைப் பறிக்கும் இயந்திரங்களைத் தடை செய்ய 2026க்குள் உலகச் சட்டம் வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ் 2023 இலேயே கேட்டுக்கொண்டார்.

முடிவுரை

ஏ.ஐ. விமானத்தை நன்றாகவே ஓட்டும். நம்மைவிட நன்றாகவும் ஓட்டும். ஓட்டட்டும். மயங்கிய விமானியைக் காப்பாற்றட்டும். எங்கே யார் வருகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லட்டும். ஆனால் 'சுடு' என்ற சொல் மட்டும் ஒரு மனிதனிடமிருந்து வரவேண்டும் என்பது என் கருத்து. மனிதன் தப்பே செய்யமாட்டான் என்பதற்காக இல்லை. வின்சென்ஸ் கப்பலில் தப்பு நடந்தபோது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க ஆள் இருந்தது. விசாரணை நடந்தது. 1996 இல் அமெரிக்கா இறந்தவர்களின் குடும்பங்களுக்காக 6 கோடியே 18 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. போன உயிர் திரும்பாதுதான். ஆனாலும் கேட்க முடிந்தது. கோடிமுறை விளையாடி மார்க் வாங்கப் பழகிய ஒரு நிரலைக் கூண்டில் ஏற்றி என்ன கேட்பது?

இன்னொன்றும் முக்கியம். பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு மனிதனை உட்காரவைத்துவிட்டால் மட்டும் போதாது. பேட்ரியாட் பக்கத்திலும் மனிதர்கள் இருந்தார்கள். திரை சொன்னதற்குத் தலையாட்ட மட்டும்தான் நேரம் இருந்தது என்றால் அது மனிதன் எடுத்த முடிவு ஆகாது. 'இரு, இன்னொரு தடவை பார்க்கலாம்' என்று சொல்லும் உரிமையும், அதற்கான நேரமும் அவருக்கு இருக்கணும். வருகிற சட்டம் அந்த நேரத்தைக் காப்பாற்றும் சட்டமாக இருக்கணும்.

நாம் பெரியவர்களாகும்போது நம்மில் சிலர் இன்ஜினியர் ஆகலாம். இப்படிப்பட்ட இயந்திரத்துக்கு எதற்கு மார்க், எதற்கு அபராதம் என்று எழுதும் வேலை நமக்கே வரலாம். அப்போது 'சுடாமல் விட்டதற்கு' எத்தனை மார்க் வைப்பீர்கள்? உங்கள் பதிலை ஒரு துண்டுத்தாளில் எழுதி இந்தத் தாளுக்குக் கீழே குத்திவையுங்கள். நல்ல பதில்கள் அடுத்த மாத இதழில் வரும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி